இரைச்சலுக்குக் கோயில் கட்டுகிறவர்கள்

“கேசட்டுல கேட்டாத்தாங்க பாட்டு. இப்ப வர்றதெல்லாம் வெறும் சத்தம்.”

இதை எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. சொல்பவர் ஐம்பதைத் தாண்டியவர் என்றால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். அவர் பேசுவது தன் இளமையைப் பற்றி. பாட்டு ஒரு சாக்கு. ஆனால் இப்போது இதைச் சொல்கிறவர்களில் பாதிப்பேர் 2000-க்குப் பிறகு பிறந்தவர்கள். பரீட்சைக்கு முந்தைய இரவில் டேப் ஹெட்டில் சிக்கி, குடல் சரிந்ததுபோல் நாடா வெளியே வந்து விழுவதைப் பார்த்திராதவர்கள். ரீல்ஸில் கேசட்டின் பல்லுக்குள் பென்சிலை நுழைத்துச் சுற்றுகிறார்கள். பின்னணியில் இளையராஜா. அதன்மேல் ஏதோ ஒரு செயலி சேர்த்துக்கொடுத்த ‘உஸ்ஸ்’ இரைச்சல். இரைச்சலே இல்லாத கோப்பில் இரைச்சலைக் காசு கொடுத்துச் சேர்த்துவிட்டு, ‘என்ன ஒரு உயிர்ப்பு!’ என்று கீழே எழுதுகிறார்கள்.

ஏக்கத்தோடு எனக்குச் சண்டை கிடையாது. யாருக்கு எதன்மேல் வேண்டுமானாலும் ஏக்கம் வரட்டும். ஆனால் இந்த ஏக்கம் விஞ்ஞான வேஷம் கட்டிக்கொண்டு வருகிறது. அனலாக் ஒலி முழுமையானது, டிஜிட்டல் ஒலியைத் துண்டு துண்டாக வெட்டுகிறது என்கிறது. டேப்பில்தான் இசையின் உண்மையான கதகதப்பு இருக்கிறது என்கிறது. அந்தக் காலத்துப் பாட்டெல்லாம் கலப்படமில்லாத அனலாக் என்கிறது. மூன்றும் தவறு. தவறான நம்பிக்கையால் யாருக்கும் நஷ்டமில்லை என்றால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருக்காது. நஷ்டம் இருக்கிறது. இல்லாத பெருமையைக் கேசட்டுக்குச் சூட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், கேசட்டில் மட்டுமே இருக்கிற சில விஷயங்கள் நம் வீட்டுப் பரண்களில் பூஞ்சை பிடித்துச் செத்துக்கொண்டிருக்கின்றன.

முதலில் படிக்கட்டுக் கதையை முடித்துவிடுவோம்.

எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். இடதுபக்கம் வழவழப்பான அலை, ‘அனலாக்’. வலதுபக்கம் அதே அலை படிக்கட்டுப் படிக்கட்டாக, ‘டிஜிட்டல்’. படியின் மூலைகளில் இசை கசிந்து போய்விட்டதாம். பார்த்தவுடன் நம்பத் தோன்றும் படம். பிரச்சினை என்னவென்றால், எந்த சி.டி. பிளேயரின் வயரிலிருந்தும் அந்தப் படிக்கட்டு வெளியே வருவதில்லை.

பள்ளிக்கூடக் கணக்கை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரே கோட்டில் அமையாத மூன்று புள்ளிகளைக் கொடுத்தால் அவற்றின் வழியே எத்தனை வட்டம் வரையலாம்? ஒன்றே ஒன்று. மூன்று புள்ளிகளை மட்டும் எழுதி வைத்ததால் வட்டத்தின் மிச்சப் பகுதி தொலைந்துவிட்டது என்று யாரும் அழுவதில்லை. ஒலிக்கும் இதே கதைதான். ஹாரி நைக்விஸ்ட் 1928-இல் தொட்டுக்காட்டியதை கிளாட் ஷானன் 1949-இல் நிரூபணத்தோடு எழுதிவைத்தார். ஒரு ஒலியில் இருக்கும் மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் மாதிரிகள் எடுத்தால், அந்தப் புள்ளிகளின் வழியே போகக்கூடிய அலை ஒன்றே ஒன்றுதான். சி.டி.யில் நொடிக்கு 44,100 மாதிரிகள். அதாவது 22,050 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் திரும்ப வரைந்துவிடலாம். மனிதக் காது நல்ல இளவயதில் எட்டுவதே 20,000 ஹெர்ட்ஸ்தான். வயது ஏற ஏற அதுவும் இறங்கும். எண்களை மறுபடி ஒலியாக்கும் சுற்றிலிருந்து வெளியே வருவது வழவழப்பான அலை. ஒவ்வொரு மாதிரியையும் முழு எண்ணாக்கும்போது ஒரு மெல்லிய இரைச்சல் சேர்வது உண்மை. சி.டி.யில் அது உச்ச ஒலியைவிட 96 டெசிபல் கீழே கிடக்கும். சத்தமில்லாத அறையில் ஒலியளவை முழுக்கத் திருகினால் ஒருவேளை கேட்கும். அடுத்து வரும் தவிலடியில் காது போய்விடும்.

சரி, டேப் துண்டாக்காமல் பதிகிறதா? டேப் என்பது பிளாஸ்டிக் நாடாமேல் பூசப்பட்ட இரும்பு ஆக்ஸைடுத் துகள்கள். துகள் என்றாலே துண்டுதான். நாம் கேட்கிற ‘உஸ்ஸ்’ எங்கிருந்து வருகிறது என்கிறீர்கள்? அந்தத் துகள்களின் சொரசொரப்பிலிருந்துதான்.

இனி அளவுகள். நம் பரணில் இருக்கும் கேசட்டின் நாடா 3.81 மி.மீ. அகலம். அதற்குள் ‘ஏ’ பக்கத்துக்கு இரண்டு, ‘பி’ பக்கத்துக்கு இரண்டு என்று நான்கு தடங்கள். ஒரு தடத்துக்குக் கிடைப்பது சுமார் 0.6 மி.மீ. நாடா ஓடும் வேகம் நொடிக்கு 4.76 செ.மீ. அந்தக் காலத்து ஸ்டூடியோவில் ஸ்டீரியோ மாஸ்டர் பதிந்த நாடா கால் அங்குல அகலம், இரண்டே தடம், வேகம் நொடிக்கு 38 செ.மீ. அல்லது 76 செ.மீ. டேப்பில் அகலமும் வேகமும்தான் தரம். அப்படியானால் வீட்டுக் கேசட் என்பது ஸ்டூடியோ ஒலியை எட்டில் ஒரு பங்கு வேகத்தில், நூலளவு இடத்தில் திணித்த ஒரு சுருக்கம். சாதாரண நாடாவில் இசைக்கும் இரைச்சலுக்கும் இடையே சுமார் 50 டெசிபல் கிடைத்தால் பெரிது. டோல்பி பி இருந்தால் மேல் ஸ்தாயி இரைச்சல் இன்னொரு 10 குறையும். டிஜிட்டல் கணக்கில் ஒரு பிட்டுக்கு 6 டெசிபல் என்று வைத்தால், டோல்பி இல்லாத கேசட்டின் தரம் எட்டு, ஒன்பது பிட். டிஜிட்டலில் யாராவது 9 பிட்டில் பாட்டு விற்றால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவீர்கள்.

இதெல்லாம் நல்ல டெக், நல்ல கேசட் இருந்தால். நம் வீடுகளில் என்ன இருந்தது? ஒரு டூ-இன்-ஒன். ஹெட்டில் வருடக்கணக்கான அழுக்கு. பிஞ்ச் ரோலர் இறுகிப்போய், வேகம் ஏறி இறங்கி, நாதஸ்வரத்தின் நீண்ட ஸ்வரம் போதை ஏறினவன் நடைபோல ஆடும். பேட்டரி இறங்கினால் எஸ்.பி.பி.யின் குரல் கட்டையாகி இழுக்கும். அந்த ஒலியைத்தான் இன்றைக்குத் ‘தூய அனலாக்’ என்கிறோம்.

“அதெல்லாம் அளவுகோல் சொல்றது. காதுன்னு ஒண்ணு இருக்கே?” என்பார்கள். காதுக்கு ஒரு பரீட்சை நடந்தது. அமெரிக்காவில் மொபைல் ஃபிடலிட்டி என்றொரு நிறுவனம். மூல மாஸ்டர் டேப்பிலிருந்து இசைத்தட்டு வெட்டுகிறோம் என்று சொல்லி அதிக விலைக்கு விற்றது. அனலாக் பக்தர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். டிஜிட்டல் பதிப்போடு ஒப்பிட்டு, ‘இதில்தான் உயிர் இருக்கிறது’ என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். 2022-இல் விஷயம் வெளியே வந்தது. 2011 முதலே அந்தத் தட்டுகளில் பலவற்றுக்கு நடுவே ஒரு டிஜிட்டல் படி இருந்திருக்கிறது. டேப்பை டிஜிட்டல் கோப்பாக்கி, அதிலிருந்துதான் தட்டு வெட்டியிருக்கிறார்கள். பத்து வருடத்துக்கு மேல், உலகத்திலேயே கூர்மையான காதுகள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள் யாரும் அதைக் கேட்டுக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு இசைத்தட்டுக் கடைக்காரர் பேச்சை எடுத்தபிறகு, நிறுவனத்தின் பொறியாளர்களே ஒப்புக்கொண்டதால்தான் தெரிந்தது. வாங்கினவர்கள் வழக்குப் போட்டார்கள். நிறுவனம் பொய் சொன்னது, வழக்கு நியாயம்தான். ஆனால் அந்தக் காதுகள்?

நம் ஊருக்கு வருவோம். 1986-இல் வந்த ‘புன்னகை மன்னன்’ கணினியைக் கொண்டு இசையமைத்த படம் என்று பேசப்பட்டது. யமஹா டி.எக்ஸ்.7 என்ற டிஜிட்டல் கீபோர்டு 1983-இல் சந்தைக்கு வந்து, எண்பதுகளின் உலக இசையையே தன் மணியோசையால் நிரப்பியது. 1992-இல் ‘ரோஜா’வைக் கேட்டுத் தமிழ்நாடு திகைத்தபோது, அந்த ஒலியின் பெரும்பகுதி ஒரு வீட்டு ஸ்டூடியோவின் சிந்தசைசரிலும் கணினியிலும் பிறந்திருந்தது. நம்மில் பெரும்பாலோர் இவை எல்லாவற்றையும் கேசட்டில்தான் கேட்டோம். எண்களால் பிறந்த இசையை நாடாவில் கேட்டுவிட்டு ‘அனலாக் காலம்’ என்று பெருமூச்சு விடுகிறோம். இன்று டெய்லர் ஸ்விஃப்ட் கேசட் வெளியிடுகிறார், ரசிகர்கள் வாங்குகிறார்கள். ஸ்டூடியோவில் கணினியில் பதிந்த பாட்டை நாடாவுக்கு மாற்றி, கொஞ்சம் கெடுத்து, பெட்டியில் போட்டுத் தருகிறார்கள். அதைப் போட்டுக் கேட்க இன்று புதிதாக விற்கும் பிளேயர்களில் டோல்பி சில்லுகூடக் கிடையாது. 1985-இல் ஒரு நடுத்தரக் குடும்பம் கடனுக்கு வாங்கிய நல்ல டெக்கின் தரத்தைக்கூட அவை எட்டுவதில்லை.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். டேப்பில் ஒலியை அழுத்திப் பதிந்தால் உச்சங்கள் மழுங்கும், கூடவே சில துணை ஸ்வரங்கள் ஒட்டிக்கொள்ளும். காதுக்கு அது இதமாக இருக்கும். ‘கதகதப்பு’ என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். உண்மையான விளைவு, இன்றைய ஒலிப்பதிவாளர்களும் வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். ஆனால் அது ஒரு சிதைவு. சாம்பாரில் வெல்லம் போடுவது மாதிரி. வெல்லம் போட்ட சாம்பார் பிடிக்கும் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். வெல்லம்தான் பருப்பின் உண்மையான சுவை என்று சாதிக்காதீர்கள்.

இன்னொரு நியாயம், சி.டி. காலத்தில் வந்த சத்தப் போட்டி. யார் பாட்டு அதிகச் சத்தம் என்று போட்டி போட்டு, மெதுவான இடத்தையும் உரத்த இடத்தையும் ஒரே மட்டத்துக்கு நசுக்கினார்கள். 2008-இல் மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னடிக்’ அப்படித்தான் வந்தது. அதே பாட்டுகள் ‘கிட்டார் ஹீரோ’ என்ற வீடியோ விளையாட்டில் நசுக்கப்படாமல் இருந்ததை ரசிகர்களே கண்டுபிடித்துக் கொதித்தார்கள். கவனியுங்கள், நசுங்கியதும் டிஜிட்டல், நசுங்காததும் டிஜிட்டல். குற்றவாளி நசுக்கிய கை.

“கேசட் இருந்தப்ப ஒரு ஆல்பத்தை முழுசா உட்கார்ந்து கேட்டோம்” என்பது மூன்றாவது. இங்கேதான் எனக்குச் சிரிப்பு வரும். நாம் எப்போது முழு ஆல்பம் கேட்டோம்? ரெக்கார்டிங் சென்டருக்குப் போய், நோட்டுப் புத்தகத் தாளில் பதினாறு பாட்டு எழுதிக் கொடுத்து, காலி கேசட்டில் பதிந்து வாங்கி வந்தவர்கள் நாம். ஏ பக்கம் சோகம், பி பக்கம் காதல். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்து நிற்கும். பிடிக்காத பாட்டு வந்தால் ஃபார்வர்டு பட்டனை அழுத்தி ‘கிறீச் கிறீச்’சென்று ஓடவிட்டோம். இன்று பிளேலிஸ்ட் என்று சொல்வதை நோட்டுத்தாளில் கண்டுபிடித்த சமூகம் இது. மேற்கத்திய ராக் ரசிகனின் நினைவேக்கத்தைக் கடன் வாங்கி நம் நினைவாக அணிந்துகொள்ள வேண்டாம்.

இத்தனை சொன்னபிறகும் நான் கேசட்டை நேசிக்கிறவன். வேறு காரணத்துக்காக.

ஃபிலிப்ஸ் நிறுவனத்தில் லூ ஓட்டன்ஸ் என்ற பொறியாளரின் குழு இந்தக் கேசட்டை உருவாக்கி, 1963-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் வைத்தது. கோட்டுப் பாக்கெட்டில் அடங்கவேண்டும் என்று ஒரு மரக்கட்டையை வெட்டி அளவு பார்த்தாராம் ஓட்டன்ஸ். இசை கேட்பதற்காக அவர்கள் அதைச் செய்யவில்லை. பேச்சைப் பதிவதற்காகச் செய்தார்கள். பிறகு உரிமக் கட்டணம் இல்லாமல் மற்ற நிறுவனங்களும் செய்யவிட்டார்கள், உலகம் முழுக்க ஒரே அளவுப் பெட்டி வந்தது. அதே ஓட்டன்ஸுக்குப் பின்னாளில் சி.டி. உருவாக்கத்திலும் பங்கு இருந்தது. கேசட்டைப் பெற்றவருக்கே அனலாக் பக்தி இல்லை.

பேச்சைப் பதிவதற்கான கருவி. அங்கேதான் விஷயம் இருக்கிறது. கிராமபோன் தட்டில் நீங்கள் கேட்கத்தான் முடியும். வானொலியிலும் அப்படியே. யாருடைய குரல் பதியப்படவேண்டும் என்பதை யாரோ, எங்கோ, ஒரு கம்பெனி முடிவு செய்யும். கேசட் ரிக்கார்டரில்தான் முதல்முறையாக ஒரு சாதாரண வீட்டில், சிவப்புப் புள்ளி போட்ட ஒரு பட்டன் வந்தது. அதையும் பிளேயையும் சேர்த்து அழுத்தினால் யார் குரலும் பதியும். கேசட்டின் மகத்துவம் மொத்தமும் அந்தச் சிவப்புப் புள்ளியில் இருக்கிறது.

அது என்னவெல்லாம் செய்தது என்று பாருங்கள். 1978-இல் பாரிஸுக்கு அருகே ஒரு சிற்றூரில் தங்கியிருந்த கொமேனியின் பேச்சு தொலைபேசி வழியே டெஹ்ரானுக்குப் போய், கேசட்டில் பதிந்து, படியெடுக்கப்பட்டு, மசூதி மசூதியாகப் பரவியது. அடுத்த ஆண்டு மன்னராட்சி விழுந்தது. அந்தப் புரட்சி நல்லதா கெட்டதா என்பது வேறு வழக்கு. அரசு வானொலியைக் கையில் வைத்திருந்த மன்னருக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி ஈடுகொடுத்தது என்பதுதான் இங்கே முக்கியம். இந்தியாவில் எச்.எம்.வி.யின் நீண்ட ஏகபோகத்தைக் கேசட் உடைத்ததையும், பிராந்திய மொழிகளின் உள்ளூர்ப் பாடகர்களுக்குச் சந்தை கிடைத்ததையும் பீட்டர் மானுவல் வட இந்தியாவை வைத்து 1993-இல் ஒரு புத்தகமாகவே எழுதினார்.

இங்கேயும் அதுதான் நடந்தது. விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், புஷ்பவனம் குப்புசாமி போன்றவர்களின் நாட்டுப்புறப் பாட்டுகள் வீடுவீடாகப் போனது கேசட்டில். கே.ஏ.குணசேகரன் மேடையில் பாடிய இன்குலாபின் ‘மனுசங்கடா’, எந்த வானொலி நிலையத்தின் தயவும் இல்லாமல் கைக்குக் கை மாறியது. ‘விதி’ படத்தின் கதை வசனத்தை டீக்கடைகளும் மைக் செட்காரர்களும் தெருத்தெருவாக ஒலிக்கவிட்டு, படம் பார்க்காதவர்களுக்கும் மனப்பாடமாக்கினார்கள். பொருளாதாரத் தடையில் பேட்டரியும் மின்சாரமும் இல்லாமல் கிடந்த 1990களின் யாழ்ப்பாணத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியும் பாட்டும் கேட்டார்கள். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர்கள் கேட்க. மிதிப்பவர் கால் தளர்ந்தால் பாட்டும் தளரும். அவர்களில் யாரும் ஒலியின் கதகதப்பைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கமாட்டார்கள்.

அப்புறம் கடிதங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கேசட் ஒரு தபாலாக இருந்தது. வளைகுடாவுக்குப் போனவர்கள் பேசிப் பதிந்து, ஊருக்கு வரும் யாரிடமாவது கொடுத்துவிட்டார்கள். இங்கிருந்து பதில் போனது.

என்னிடம் பழைய டெக் ஒன்று இருக்கிறது. சில வருடங்களாக, தெரிந்தவர்கள் கொண்டுவரும் கேசட்டுகளைக் கணினியில் ஏற்றிக் கொடுக்கிறேன். ஒருமுறை ஒரு பெண்மணி கொண்டுவந்த கேசட்டின் அட்டையில் எண்பதுகளின் ஒரு படத்தின் பெயர். கடையில் வாங்கிய கேசட். முதுகில் இருக்கும் அழிப்புத் தடுப்புத் துவாரங்களில் செல்லோடேப் ஒட்டியிருந்தது. அப்படி ஒட்டினால் அதன்மேல் பதியலாம், அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. பாட்டு பாதியில் ‘டக்’கென்று வெட்டி, ஒரு ஆணின் குரல். அவருடைய அப்பா. சவூதியிலிருந்து. “சாப்பாட்டுக்கெல்லாம் குறையில்ல... வெயில்தான்...” என்று தொடங்கி, சம்பளம், கூட இருக்கும் ஆள்கள், நடுவில் மகளின் பெயரைச் சொல்லி “படிக்கிறியா?” என்று ஒரு கேள்வி. கேட்டுவிட்டு, பதில் வரும் என்பதுபோல ஐந்தாறு நொடி சும்மா இருக்கிறார். பிறகு மறுபடி பேச்சு. இருபது நிமிடம் கழித்து அவர் குரல் நின்ற இடத்தில், அழியாமல் மிஞ்சிய சினிமாப் பாட்டு நடுவிலிருந்து ஓடத் தொடங்குகிறது.

அந்தப் பெண்மணியின் அப்பா இறந்து வருடங்கள் ஆகின்றன. அவர் குரல் இருந்தது அந்த ஒரு நாடாவில் மட்டும்தான்.

அந்தக் கேசட்டில் எது முக்கியம்? அந்தச் சினிமாப் பாட்டு உலகத்தில் லட்சம் பிரதிகளில் இருக்கிறது. ஆனால் நம் கேசட் ஏக்கம் முழுக்க அந்தப் பாட்டைச் சுற்றியே வட்டமடிக்கிறது. லட்சம் பேரிடம் இருப்பதை நாடாவில் கேட்டால் எப்படி இருக்கும் என்று ஆராய்ச்சி செய்கிறோம். ஒரே ஒருவரிடம் இருப்பது என்ன ஆயிற்று என்று கேட்பதில்லை. ஒப்பாரி சொன்ன அத்தை, விடிய விடிய நடந்த கூத்தை மைக் செட்காரர் பதிந்துவைத்த கேசட், உள்ளூர்ப் பாடகர் கைக்காசு போட்டு வெளியிட்டுத் திருவிழாவில் விற்ற சாமிப் பாட்டு, பேராசிரியர் கள ஆய்வில் பதிந்து அலமாரியில் வைத்துவிட்டு ஓய்வு பெற்றுப்போன பெட்டிகள். இவை எந்த ஸ்ட்ரீமிங் தளத்திலும் இல்லை.

ஸ்ட்ரீமிங் என்றதும் ஒரு வார்த்தை. டிஜிட்டல்மேல் கோபப்படுகிறவர்களில் பலருடைய உண்மையான கோபம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தக் கோபத்தில் நானும் பங்காளி. நான் சந்தா கட்டிய ஒரு தளத்தில், எண்பதுகளின் பாட்டொன்று அரை ஸ்வரம் ஏறிப்போய் இருந்தது. யாரோ வேகம் தவறிய டெக்கிலிருந்து அவசரமாக ஏற்றியிருக்கிறார்கள். புகார் சொன்னால் ஆள் இல்லை. இது சின்ன விஷயம். 2019-இல் உரிமப் பிரச்சினையில் சரிகமவின் பாடல்கள் ஸ்பாட்டிஃபையிலிருந்து மறைந்தன. அடுத்த ஆண்டுதான் திரும்பின. 2024 ஜனவரியோடு ரெஸ்ஸோ இந்தியாவில் கடையைச் சாத்தியது. அதே ஆண்டு வின்க் மூடப்படும் அறிவிப்பு வந்தது. அவற்றில் வருடக்கணக்காகப் பாட்டுச் சேர்த்தவர்கள் தெருவில் நின்றார்கள்.

இதற்கு மாற்றாகக் கேசட்டைக் காட்டுவது, வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார் என்பதற்காகச் செங்கல்மேல் கோபப்படுவது. எண்கள் நம்மை ஏமாற்றவில்லை, வாடகைதான் ஏமாற்றியது. சொந்தமாக ஒரு கோப்பு வைத்திருந்தால் அதை யாரும் பிடுங்க முடியாது. நண்பனுக்குக் கொடுக்கலாம், நூறு பிரதி எடுக்கலாம், நூறாவது பிரதியும் முதல் பிரதியும் ஒன்றேபோல் இருக்கும். கேசட்டிலிருந்து கேசட்டுக்கு எடுத்தால் மூன்றாவது தலைமுறையில் பாட்டைவிட இரைச்சல் பெரிது. கைக்குக் கை மாற்றுவதுதான் கேசட்டின் ஆன்மா என்றால், அந்த ஆன்மா இப்போது குடியிருப்பது பென் டிரைவிலும் வாட்ஸ்அப் குரல் பதிவிலும். எண்ணிட்டு, கண்ணாடிக் காகிதத்தில் சுற்றி, விலையேற்றி விற்கும் சேகரிப்பாளர் கேசட்டில் அது இல்லை.

நாடாவுக்கு நேரம் குறைவு. யுனெஸ்கோவும், ஒலி, காட்சி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமான ஐ.ஏ.எஸ்.ஏ.வும் சேர்ந்து காந்த நாடாக்களுக்காக ஒரு எச்சரிக்கைத் திட்டத்தையே நடத்தின. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015-இலேயே 2025-ஐக் கெடுவாகச் சொல்லி எச்சரித்தது. அந்தக் கெடு முடிந்துவிட்டது. அவர்கள் கவலை நாடா அழுகுவதைப் பற்றி மட்டும் இல்லை. ஓட்டிக் கேட்பதற்கு ஒழுங்கான இயந்திரம் இருக்காது, உதிரிபாகம் இருக்காது, பழுதுபார்க்கத் தெரிந்த கை இருக்காது. நம் ஊர் ஈரப்பதத்தில் நாடாமேல் வெள்ளைப் பூஞ்சை வேறு. டேப் ரிக்கார்டர் மெக்கானிக்கை உங்கள் ஊரில் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

ஆகவே கேசட்டை நேசிக்கிற தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள் இதுதான்: உங்கள் நேசத்துக்கு இன்று ஒரே ஒரு நேர்மையான செயல் வடிவம்தான் இருக்கிறது. அதை டிஜிட்டலாக்குவது. பெரிய ஸ்டூடியோ வேண்டாம். பழுதுபார்த்த ஒரு டெக், கணினியோடு இணைக்கும் ஒரு நல்ல ஆடியோ இன்டர்ஃபேஸ் போதும். பூஞ்சை தெரிந்தால் ஓட்டாதீர்கள். தெரிந்தவர்களிடம் கொடுங்கள், டெக்கையும் மற்ற கேசட்டுகளையும் அது கெடுக்கும். ஒவ்வொரு கேசட்டுக்கும் முன் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். முதலில் ஒருமுறை முழுக்க ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள். ஹெட்டின் சாய்வைச் சரிசெய்யும் சின்னத் திருகு ஒன்று இருக்கும். ‘ச’கரம் துல்லியமாகக் கேட்கும்வரை அதை மெல்லத் திருப்புங்கள். மூலப்பதிவு ஓடிய கோணத்தோடு ஹெட் பொருந்தியதும் குரல்மேல் இருந்த கம்பளி விலகும். 24 பிட், 96 கிலோ ஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகப் பதியுங்கள். இரைச்சலை நீக்குகிறேன் என்று மூலப் பிரதியில் கை வைக்காதீர்கள். உங்களுக்கு அவ்வளவு பிடித்த ‘உஸ்ஸ்’ அதில் பத்திரமாக இருக்கும். சி.டி.யைவிடக் கூடுதல் நுணுக்கத்தோடு.

அட்டையைப் படம் பிடியுங்கள். பேசுவது யார், எந்த ஊர், எந்த வருடம் என்று வீட்டில் உள்ளவர்களைக் கேட்டு எழுதிவையுங்கள். குரலை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் நாடாவைவிட வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பெயரில்லாத குரல் பாதிதான் பிழைத்தது. ஹார்டு டிஸ்க்கும் சாகும். நாடா கரகரத்து, முனகி, சொல்லிவிட்டுச் சாகும். டிஸ்க் ஒரே நாளில் மொத்தமாகப் போகும். இந்த விஷயத்தில் அனலாக்காரர்கள் சொல்வது முழுக்கச் சரி. அதனால் மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். பாடியவர் உயிரோடு இருந்தால் அவரைக் கேட்காமல் இணையத்தில் ஏற்றாதீர்கள். அவருடைய பாட்டு, அவருடைய காசு. ஈழத்து நூலகம் நிறுவனம் 2005 முதல் எரிந்ததும் எரியாததுமான ஒரு சமூகத்தின் ஆவணங்களைத் தன்னார்வலர்களின் துணையோடு சேர்த்துக்கொண்டிருக்கிறது. முடியாது என்று சொல்ல நமக்கு வாயில்லை.

இதைச் செய்துவிட்டு, மூலக் கேசட்டைத் தூக்கி எறியாமல், நிழலில், உலர்ந்த இடத்தில், செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். அதன்பிறகு பென்சிலால் சுற்றுங்கள், ரீல்ஸ் போடுங்கள், கதகதப்பு என்று எழுதுங்கள். நான் ஒரு லைக் போடுகிறேன். அதுவரைக்கும், பரணில் ஒருவர் தன் மகளிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்க, கீழே உட்கார்ந்து இரைச்சலின் அழகைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதை ரசனை என்று ஒத்துக்கொள்ள என்னால் முடியாது.